இன்று வெறும் கிச்சடிதான்

கிச்சடி என்றால் தமிழர்களுக்கு ரவை. வெங்காயம், பட்டாணி, கேரட், கொஞ்சம் மஞ்சள்பொடி சேர்ந்த, உப்புமாவைவிடச் சற்றே வசதியான பண்டம். வடக்கே மாற்றலாகிப் போகும் தமிழ்க் குடும்பங்கள் முதல் மாதத்திலேயே இந்த எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கே கிச்சடி என்பது அரிசியும் பருப்பும் ஒரே பாத்திரத்தில் குழைய வெந்தது. வெண்பொங்கலின் நெருங்கிய சொந்தம். ஆனால் மிளகு, முந்திரி என்ற பந்தா எதுவும் அதற்குக் கட்டாயமில்லை.

இந்தியச் சாப்பாடு என்றதும் தந்தூரி கோழியையும் மசால் தோசையையும்தான் படம் போடுகிறார்கள். இரவு எட்டு மணிக்கு இந்திய வீடுகளில் அடுப்பில் இருப்பது பெரும்பாலும் வேறு. பருப்பும் சோறும், பருப்பும் ரொட்டியும், பஞ்சாபி வீடானால் ராஜ்மாவும் சோறும், கேரளத்தில் கஞ்சியும் பயறும். இந்தக் குடும்பத்தில் எல்லா மாநிலங்களிலும் கிளை பரப்பியிருப்பது கிச்சடிதான்.

குஜராத்தில், குறிப்பாக சௌராஷ்டிரப் பக்கம், இரவுச் சாப்பாடு என்றாலே பல வீடுகளில் கிச்சடியும் கடியும்தான். கடி என்பது வெல்லமோ சர்க்கரையோ போட்டு இனிக்கவைத்த மோர்க்குழம்பு. வங்காளத்தில் அதன் பெயர் கிச்சுரி. மழை பிடித்துக்கொண்டால் கல்கத்தா வீடுகளில் வறுத்த பாசிப்பருப்புக் கிச்சுரியும் பொரித்த ஹில்சா மீனும் வேண்டும். மீன் விலை கட்டுப்படியாகாத அன்று கத்தரிக்காய் வறுவலோ ஆம்லெட்டோ போதும். துர்கா பூஜை பந்தல்களில் அதே கிச்சுரி பிரசாதமாகிவிடும். ராஜஸ்தானிலும் அரியானாவிலும் குளிர்காலத்தில் அரிசி ஒதுங்கிக்கொள்ள, இடித்த கம்பு அந்த இடத்துக்கு வருகிறது. பீகாரில் சனிக்கிழமை என்றால் கிச்சடி என்பது பல குடும்பங்களில் எழுதாத சட்டம். மகர சங்கராந்திக்கே அங்கும் உத்தரப் பிரதேசத்திலும் 'கிச்சடி' என்றுதான் பெயர். நாம் பண்டிகைக்குப் பொங்கல் என்று பெயர் வைத்ததைப் போலத்தான். கிச்சடிக்கு நான்கு தோழர்கள் உண்டு என்பது இந்திக்காரர்களின் சொலவடை: தயிர், அப்பளம், நெய், ஊறுகாய்.

வயதும் குறைவில்லை. 14ஆம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிய மொராக்கோ பயணி இபின் பதூதா, பாசிப்பருப்பை அரிசியோடு வேகவைத்து நெய் விட்டு இங்குள்ளவர்கள் காலையில் சாப்பிடுவதாகக் குறித்து, 'கிஷ்ரி' என்று பெயரையும் எழுதிவைத்தார். அக்பரின் அரண்மனைக் கணக்கைச் சொல்லும் அயினி அக்பரியில் செய்முறையே இருக்கிறது: அரிசி 5 சேர், பருப்பு 5 சேர், நெய்யும் 5 சேர். இன்றைய இதய மருத்துவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்க்காமலிருப்பது நல்லது. பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் பருப்பைத் தள்ளிவிட்டு மீனையும் முட்டையையும் போட்டு, 'கெட்ஜெரி' என்று தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

இவ்வளவு பெரிய பாரம்பரியம் இருந்தும் கிச்சடிக்கு மரியாதை கிடைத்ததில்லை. காய்ச்சல்காரர்களுக்கும் பல் முளைக்காத குழந்தைகளுக்கும் கொடுப்பது என்று ஒதுக்கிவிட்டார்கள். இந்தியில் ரகசியமாகச் சதி செய்தால் 'கிச்சடி சமைக்கிறார்கள்' என்பார்கள். பாதி நரைத்த முடி, கிச்சடி முடி. பல கட்சிகள் கூடி ஆட்சி அமைத்தால் அது கிச்சடி சர்க்கார். 2017 நவம்பரில் டில்லியில் மத்திய அரசு நடத்திய உணவுக் கண்காட்சியில் ஒரே பாத்திரத்தில் 918 கிலோ கிச்சடி சமைத்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். அதற்கு முன்பே, கிச்சடியைத் தேசிய உணவாக அறிவிக்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பி, நாடெங்கும் சர்ச்சை. பிரியாணிக் கட்சி, இட்லிக் கட்சி என்று அணிகள் பிரிந்தன. அப்படி ஒரு திட்டமே இல்லை, சாதனைக்காக மட்டுமே சமைக்கிறோம் என்று துறையின் அமைச்சர் ஹர்சிம்ரத் கவுர் பாதல் விளக்கம் தர வேண்டியதாயிற்று.

பட்டம் கிடைக்காவிட்டால் என்ன, வேலை கிடைத்திருக்கிறது. பீகாரில் வெள்ளம் வந்தால் நிவாரண முகாமின் அண்டாவில் வேகுவது கிச்சடி. பல மாநிலங்களின் பள்ளி மதிய உணவில் கிச்சடி. மேற்கு வங்கத்தில் அங்கன்வாடிகளுக்கு ஜனங்கள் வைத்த பெயரே 'கிச்சுரி பள்ளிக்கூடம்'. இதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமல்ல. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு; பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் கிடைக்கிறது. ஒன்றின் குறையை மற்றது நிரப்பி, இரண்டும் சேரும்போது புரதம் முழுமையாகிறது. ஆய்வுக்கூடம் கண்டுபிடிப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அடுப்பங்கரைக்குத் தெரிந்த விஷயம்.

ஏழையின் உணவு என்ற பெயர் மட்டும் இப்போது முழு உண்மையில்லை. 2014, 2015 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பருவமழை பொய்த்தபோது, துவரம்பருப்பு பல நகரங்களில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது. உலகிலேயே அதிகமாகப் பருப்பு விளைவிப்பதும் இந்தியா, அதிகமாகச் சாப்பிடுவதும் இந்தியா. போதாமல் இறக்குமதியும் செய்கிறது. 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தலைக்கு மாதம் 5 கிலோ தானியத்துக்கு உத்தரவாதம் தருகிறது. பருப்பு அதில் இல்லை. தமிழகம் போன்ற சில மாநிலங்கள் தங்கள் செலவில் ரேஷனில் பருப்பு சேர்த்தன. கொரோனா ஆண்டான 2020இல் சில மாதங்கள் மத்திய அரசும் குடும்பத்துக்கு ஒரு கிலோ கொடுத்தது. மற்றபடி, விலை ஏறினால் கிச்சடியில் அரிசி கூடும், பருப்பு குறையும், மஞ்சள் நிறம் மட்டும் அப்படியே இருக்கும். குழந்தையின் தட்டில் குறைந்தது என்ன என்று பார்வைக்குத் தெரியாது.

பருப்பின் விலையாவது செய்தித்தாளில் வருகிறது. சமைப்பவரின் நேரத்துக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் இந்தியர்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. சமைப்பது, துவைப்பது, பெருக்குவது போன்ற சம்பளமில்லாத வீட்டு வேலைகளில், 6 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 100க்கு 81 பேர் ஈடுபட்டார்கள். ஆண்களில் 26 பேர். ஈடுபட்ட பெண்களுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் ஆனது, ஆண்களுக்கு 97 நிமிடம். 2024இல் மறுபடியும் எடுத்தார்கள். பெண்களின் நேரம் 289 ஆகக் குறைந்திருந்தது. பத்து நிமிடம் மிச்சம். அதை ஆண்கள் வாங்கிக்கொண்டார்களா என்றால், அவர்களுடையதும் 88 ஆகக் குறைந்திருந்தது.

இந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கிச்சடியின் அருமை புரியும். வழக்கமான வட இந்திய இரவுச் சாப்பாடு என்பது பருப்பு ஒன்று, காய் ஒன்று, அத்துடன் மாவு பிசைந்து, உருட்டி, தேய்த்து, மற்றவர்கள் சாப்பிட்டு முடியும்வரை அடுப்பருகே நின்று ஒவ்வொன்றாகச் சுட்டுப் போடும் ரொட்டி. சுடுபவருக்குக் கடைசி ரொட்டி, அதுவும் பெரும்பாலும் ஆறியது. கிச்சடி வைக்கும் இரவில் ஒரு குக்கர், நான்கு விசில், ஒரு தாளிப்பு. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காரலாம். தேய்க்கவேண்டிய பாத்திரமும் குறைவு. வயிற்றுக்கு இதம் என்று சாப்பிடுபவர்கள் சொல்கிறார்கள். சமைப்பவருக்கோ அது முதுகுக்கும் காலுக்கும் இதம்.

ஆனாலும் பல வீடுகளில் அந்த ஓய்வுக்கும் ஒரு விளக்கம் சொல்லவேண்டியிருக்கிறது. 'இன்று வெறும் கிச்சடிதான்' என்ற வாக்கியம் எல்லா மொழிகளிலும் ஒரே தொனியில், கொஞ்சம் மன்னிப்புக் கேட்பதுபோலவே வருகிறது. தமிழ்நாட்டில் 'இன்னைக்கு ரசமும் அப்பளமும்தான்' என்று சொல்லும்போது வரும் அதே தொனி. காய்ச்சல், பயணக் களைப்பு, அலுவலகத்தில் நேரமாகிவிட்டது என்று ஏதாவது ஒரு காரணம் கூடவே வரும். காரணம் எதுவும் கேட்காமல் தட்டை நீட்டும் கணவர்களும் பிள்ளைகளும் இருக்கவே செய்கிறார்கள். எண்ணிக்கை போதாது.

அந்த எண்ணிக்கையைக் கூட்ட வழி உண்டு. ஒரு பங்கு அரிசி, அரைப் பங்குக்குக் குறையாமல் பாசிப்பருப்பு, ஐந்து பங்கு தண்ணீர், உப்பு, மஞ்சள்பொடி. குக்கர் அடங்கியதும் நெய்யில் சீரகமும் பெருங்காயமும் தாளித்துக் கொட்ட வேண்டும். அரிசி களைவதிலிருந்து தட்டில் விழுவதுவரை சுமார் முக்கால் மணி நேரம், அதிலும் பாதி வெறும் காத்திருப்பு. இந்தியச் சமையலில் இதைவிடச் சுலபமான முழுச் சாப்பாடு அபூர்வம். நான்கு வரை எண்ணத் தெரிந்த எந்த ஆணும் வாரத்தில் ஒரு இரவு இதைச் செய்துவிட முடியும். செய்து முடித்த பிறகு 'வெறும் கிச்சடிதான்' என்று அவர் சொல்லமாட்டார் என்பது நிச்சயம். கிச்சடிக்கு இத்தனை நூற்றாண்டுகளாகக் கிடைக்காத மரியாதை அன்று கிடைத்துவிடும்.