பரப்பு முன்னால் வரட்டும்

பன்னிரண்டாம் வகுப்பில் வளைகோடு அடைக்கும் பரப்பு எப்போது வருகிறது? வகையிடல் முடிந்து, தொகையிடல் சூத்திரங்கள் மனப்பாடமாகி, பகுதித் தொகையிடலில் பிள்ளைகள் களைத்துப்போன பிறகு, ‘பயன்பாடுகள்’ என்ற தலைப்பின்கீழ் வருகிறது. அதற்குள் பல பள்ளிகளில் திருப்புதல் தேர்வு அட்டவணையே ஒட்டியாகிவிடும். எந்தக் கேள்விக்கு விடை தேடி இந்தக் கணிதம் வளர்ந்ததோ, அந்தக் கேள்வி பாடத்தின் வாலில் தொங்குகிறது.

வரலாறு நேர்மாறானது. பரவளையத்தை ஒரு நாண் வெட்டினால் கிடைக்கும் துண்டின் பரப்பை ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே கண்டுவிட்டார். வகையிடலுக்குப் பொதுமுறை உருவானது கி.பி. 17ஆம் நூற்றாண்டில். வரலாற்று வரிசையில்தான் கற்பிக்க வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை. ஆனால் இப்போதைய வரிசையால் ஒரு நஷ்டம் உண்டு. தொகையிடல் என்றாலே வகையிடலைத் திருப்பிப் போடுவது என்று மாணவர் மனத்தில் உறுதியாகிவிடுகிறது. அதன்பின் அடிப்படைத் தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதினால், ‘இதில் நிறுவ என்ன இருக்கிறது?’ என்பதுபோல் பார்க்கிறார்கள். பரப்பு தனியாக ஒன்று, வகையிடலின் எதிர்ச்செயல் தனியாக ஒன்று என்று இரண்டும் தெரிந்தவருக்குத்தான் இரண்டும் ஒரே எண்ணைத் தருவது வியப்பாக இருக்கும்.

டாம் அப்போஸ்டல் தம் ‘கால்குலஸ்’ நூலில் இதைத் துணிந்து மாற்றினார். 1961இல் வந்த அந்தப் புத்தகத்தில் தொகையிடல் முதலில், வகையிடல் பிறகு. தொடக்கத்திலேயே ஆர்க்கிமிடீஸின் பரவளையம் வந்துவிடும். நம் பாடத்திட்டத்தைத் தலைகீழாக்கச் சொல்லி நாம் மனுப் போடவில்லை. தொகையிடல் சூத்திரங்களைத் தொடங்கும் முன் இரண்டே பாடவேளை பரப்புக்கு ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறோம்.

முதல் பாடவேளைக்கு வரைபடத்தாள் போதும். ஒய் வர்க்கம் = 4 எக்ஸ் என்ற பரவளையத்தையும் அதன் செவ்வகலத்தையும் வரையச் சொல்லுங்கள். செவ்வகலத்தின் நீளம் 4, முனையிலிருந்து அதன் தூரம் 1. முனையையும் செவ்வகலத்தின் இரு நுனிகளையும் சேர்த்தால் கிடைக்கும் முக்கோணத்தின் பரப்பு 2. மேலேயும் கீழேயும் இரண்டு மெல்லிய துண்டுகள் மிச்சமிருக்கும். மேல் துண்டில் ஒய் மதிப்பு 1 ஆகும் புள்ளியைக் குறித்து, அதில் இன்னொரு முக்கோணம் பொருத்தினால் அதன் பரப்பு 1/4. முதல் முக்கோணத்தில் சரியாக எட்டில் ஒன்று. கீழேயும் அப்படியே. இரண்டும் சேர்ந்து 1/2, அதாவது முதல் முக்கோணத்தில் கால் பங்கு. அடுத்த சுற்றில் நான்கு முக்கோணங்கள் வரும். அவை நான்கும் சேர்ந்து 1/8. இப்படி 2 + 1/2 + 1/8 + ... என்று ஒரு பெருக்குத் தொடர் தானாக எழுந்து வருகிறது. கூடுதல் 8/3. பாடநூல் முறையில் தொகையிட்டாலும் 8/3தான். அந்த முறையைப் பின்னால் கற்கும்போது, தமக்கு முன்பே தெரிந்த விடை இன்னொரு வாசல் வழியாக வருவதை மாணவர் பார்ப்பார்.

ஒரு நுட்பத்தை இங்கே விடக்கூடாது. ‘முடிவிலி வரை போனால்’ என்று ஆர்க்கிமிடீஸ் எங்கும் சொல்லவில்லை. பரப்பு, முக்கோணத்தின் 4/3 மடங்கைவிட அதிகமாக இருக்க முடியாது, குறைவாகவும் இருக்க முடியாது என்று இரு பக்கமும் அடைத்துவிட்டு நிறுவினார். எல்லை என்ற கருத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் எடுத்துக்காட்டு பள்ளிக் கணிதத்தில் அரிது.

இரண்டாவது பாடவேளை வட்டத்துக்கு. ஆர வர்க்கத்திலிருந்து எக்ஸ் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் வரும் சார்பு இருக்கிறதே, அதன் தொகையீட்டுச் சூத்திரத்தைப் பிள்ளைகள் எவ்வளவு பாடுபட்டு மனப்பாடம் செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அதில் இரண்டு உறுப்புகள். ஒன்றில் எக்ஸில் பாதியும் அதே வர்க்கமூலமும் பெருக்கலில் நிற்கும். மற்றதில் ஆர வர்க்கத்தின் பாதியோடு ஒரு நேர்மாறு சைன் ஒட்டிக்கொண்டிருக்கும். வட்டத்துக்கும் இந்த நேர்மாறு சைனுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை. கால் வட்டத்தை வரைந்து, மையத்திலிருந்து எக்ஸ் தூரத்தில் ஒரு செங்குத்துக்கோடு போடுங்கள். அந்தக் கோடு வட்டத்தைத் தொடும் புள்ளியை மையத்தோடு இணையுங்கள். இடப்பக்கப் பரப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். கீழே ஒரு செங்கோண முக்கோணம்: அடி எக்ஸ், உயரம் அந்த வர்க்கமூலம், பரப்பு இரண்டின் பெருக்கலில் பாதி. மேலே ஒரு வட்டக்கோணப்பகுதி: பரப்பு, ஆர வர்க்கத்தின் பாதியைக் கோணத்தால் பெருக்கியது. அந்தக் கோணத்தின் சைன், எக்ஸை ஆரத்தால் வகுத்தது. சூத்திரம் முழுவதும் படத்தில் வந்துவிட்டது. பிரதியிடலும் இல்லை, மனப்பாடமும் இல்லை. இந்தப் படத்தை ஒருமுறை போட்டவர் குறி மாறி எழுதுவது கடினம்.

நீள்வட்டத்துக்கும் இதேபோல் குறுக்குவழி இருக்கிறது. வட்டத்தின் ஒவ்வொரு உயரத்தையும் ஒரே விகிதத்தில் அமுக்கினால் நீள்வட்டம். பரப்பும் அதே விகிதத்தில் குறையும். இரு அரையச்சுகளையும் பையையும் பெருக்கினால் தீர்ந்தது. வட்டத்தின் பரப்புக்கே வருவதானால், அரை விட்டத்தையும் அரைச் சுற்றளவையும் பெருக்கும் விதி நம் கணக்கதிகாரத்தில் உண்டு. அதன் காரணத்தை ஜேஷ்டதேவர் ஏறத்தாழ 1530இல் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷை காட்டுகிறது: வட்டத்தைக் கூம்பிய துண்டுகளாக நறுக்கி, ஒன்றின் நுனி மற்றொன்றின் அடிக்குப் பக்கத்தில் வருமாறு கோத்தால் செவ்வகம். விதியும் காரணமும் சேர்ந்தே கைக்குக் கிடைத்திருந்தும், ‘பை ஆர் ஸ்கொயர்’ என்பதை மட்டும் எட்டாம் வகுப்பிலிருந்து ஒப்பிக்க வைக்கிறோம்.

அதிபரவளையத்தை மூன்றாவதாகச் சேர்த்தால் இன்னும் நல்லது. ஒய் = 1/எக்ஸ் என்ற வளைகோட்டின்கீழ் 1 முதல் 2 வரை உள்ள பரப்பை எடுங்கள். கிடைவாக்கில் மூன்று மடங்கு இழுத்து, உயரத்தை மூன்றில் ஒன்றாக்கினால் பரப்பு மாறாது. வடிவமோ 3 முதல் 6 வரை உள்ள துண்டின்மேல் அச்சாகப் பொருந்தும். பெருக்கல் கூட்டலாக மாறும் மடக்கையின் குணம் இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. கிரெகுவார் தெ சான் வென்சான் 1647இல் அச்சிட்ட நூலில் இந்தப் பண்பு இருக்கிறது. அப்போது நியூட்டனுக்கு வயது நான்கு.

மறுப்புகள் வரும். வடிவியல் ஒவ்வொரு வளைகோட்டுக்கும் ஒரு தனித் தந்திரம் கேட்கிறது, நுண்கணிதம் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி என்பார்கள். மெய்தான். உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி வரையும் சைக்ளாய்டின் பரப்பு அறிய, கலிலியோ அந்த வடிவத்தை வெட்டி எடுத்துத் தராசில் வைத்து நிறுத்தே பார்த்தார். சக்கரத்தின் பரப்பைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதற்குமேல் அவரால் போக முடியவில்லை. சரியாக மூன்று மடங்கு என்று பின்னர் ரோபர்வாலும் டொரிசெல்லியும் நிறுவினார்கள். இன்று கல்லூரி முதலாண்டு மாணவர் அதைச் சில வரிகளில் முடித்துவிடுவார். பொதுமுறையின் பலத்தை யாரும் மறுக்கவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. படம் ஏமாற்றும். அலகுச் சதுரத்தின் மூலைவிட்டத்தைப் படிக்கட்டு வடிவக் கோட்டால் நெருங்குங்கள். படிகள் எவ்வளவு சிறிதானாலும் கோட்டின் நீளம் 2 ஆகவே நிற்கும். மூலைவிட்டத்தின் நீளமோ 2இன் வர்க்கமூலம். ஆனால் படிக்கட்டின்கீழ் உள்ள பரப்பு முக்கோணத்தின் பரப்பைத் தவறாமல் நெருங்குகிறது. நீளத்தில் தோற்கும் நெருக்கம் பரப்பில் ஏன் வெல்கிறது என்ற கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டு, ஒரு நாள் விட்டுப் பிடியுங்கள். படத்தை நம்பலாமா என்ற ஐயமும் பாடத்தின் பகுதிதான்.

படமே போடாமல் கணக்கைத் தொடங்கும் பழக்கம் என்ன செய்கிறது என்பதை விடைத்தாள் திருத்தியவர்கள் அறிவார்கள். சைன் வளைகோடும் எக்ஸ் அச்சும் 0 முதல் 2 பை வரை அடைக்கும் பரப்பு எவ்வளவு என்று கேட்டால், பூச்சியம் என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிடுவார்கள். ஒரு மேடும் ஒரு பள்ளமும் கண்ணெதிரே இருக்க, பரப்பு எப்படிப் பூச்சியமாகும் என்று கை நிற்பதில்லை. விடை 4. பரப்புக் கணக்கில் முதல் வரி எழுதும் முன் படமும், விடை எந்த இரு எண்களுக்கு இடையில் விழும் என்ற மதிப்பீடும் இருக்க வேண்டும் என்பதை வகுப்பில் விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

வினாத்தாள் அமைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாற்று வழிக்கும் மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பு சொன்னாலும் மாணவர் நம்பி இறங்குவதில்லை. வடிவியல் வழி சுருக்கமாகவும் தொகையிடல் வழி நீளமாகவும் இருக்கும் கணக்கு ஆண்டுக்கு ஒன்று வந்தால்தான் அந்த நம்பிக்கை வரும்.

அதற்கு ஏற்ற ஒன்றை ஆர்மீனியரான மாமிகோன் மினத்சகானியன் தந்திருக்கிறார். மாணவராக இருந்தபோது 1959இல் அவருக்குத் தோன்றிய கருத்து அது. பின்னாளில் அப்போஸ்டலோடு சேர்ந்து அதை விரிவாக்கினார். ஒரு நீள்வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும், 1 அலகு நீளத்தில் ஒரு தொடுகோட்டுத் துண்டு, எல்லாம் ஒரே சுற்றுத்திசையில். துண்டு ஒரு முழுச் சுற்று வரும்போது நீள்வட்டத்தைச் சூழ்ந்து ஒரு வளையம் கிடைக்கும். வளையத்தின் பரப்பு என்ன? தொகையிடல் எழுத உட்கார்ந்தால் பக்கம் நிறைந்துவிடும். துண்டுகளையெல்லாம் திசை மாறாமல் நகர்த்தி, தொடுபுள்ளிகளை ஓரிடத்தில் குவித்தால் 1 அலகு ஆரமுள்ள வட்டம் உருவாகிறது, பரப்பு பை. நீள்வட்டத்தின் அரையச்சுகளை வினாத்தாளில் கொடுக்கவே தேவையில்லை.