உப்புத்தாளைக் கீழே வையுங்கள்!

மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. சில வருடங்களுக்கு முன் நடந்தது. குடியரசு தினத்துக்கு இன்னும் பத்து நாள்தான். என்சிசி அறையில் டிரில் துப்பாக்கிகளை வரிசையாகச் சாய்த்து வைத்து, பையன்களுக்கு ஆளுக்கொரு உப்புத்தாள் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் மரமெல்லாம் வெளுத்துவிட்டது. மறுநாள் வார்னிஷ். மூன்றாம் நாள் பார்த்தால் ஒவ்வொன்றும் கொலு பொம்மைக் கடையில் வைத்த மரச்செப்பு மாதிரி மின்னுகிறது. எல்லோருக்கும் ஏக திருப்தி.

தேய்த்து எறிந்தது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் கொடுமை.

நம் ஊரில் ராணுவ உபரித் துப்பாக்கியைக் கடைக்குப் போய் வாங்க முடியாது. ஆனால் என்சிசியில் இருந்தவர்கள் அதைத் தோளில் சுமந்திருப்பார்கள். பல ஆண்டுகளாக டிரில்லுக்குக் கொடுக்கப்பட்டவை ஓய்வு பெற்ற .303 லீ என்ஃபீல்டுகள்தாம். சுட முடியாதபடி செய்து, 'டி.பி.' என்று முத்திரை குத்தி மாணவர் கையில் கொடுத்துவிடுவார்கள். இதன் வடிவம் 1907-ல் ஏற்கப்பட்டது. கல்கத்தா பக்கத்து இஷாப்பூர் தொழிற்சாலை, சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் இதைச் செய்து தள்ளியது. இரண்டு உலகப் போர்களில் இந்தியச் சிப்பாய்கள் தூக்கியது இந்த வகையைத்தான். பர்மாவில் சண்டை போட்ட மதராஸ் ரெஜிமென்ட் ஆட்களும் அதில் அடக்கம். ராணுவம் கைவிட்ட பிறகு போலீசுக்கு வந்தது. 2008 நவம்பரில் மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் ஏ.கே.47-க்கு எதிரே நின்ற காவலர்களிடம் இருந்ததும் இதே .303. உத்தரப் பிரதேச போலீஸ் இதற்கு விடைகொடுத்தது 2020-ல்தான்!

இரும்பில் வெட்டிய எண்ணும் வருடமும் எப்படியும் தப்பிவிடும். மரத்தில் குத்திய முத்திரை அப்படியில்லை. பரிசோதித்தவர் குத்தியது, கிடங்கில் போட்ட எண், படைப்பிரிவின் குறி... எல்லாம் நகக்கண் ஆழம்கூட இருக்காது. உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தால் போச்சு. போனது போனதுதான், வேறு எந்த ஏட்டிலும் தேடி எடுக்க முடியாது.

இஷாப்பூர் துப்பாக்கி பலவற்றில் முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகு இருக்கும். மரம் பிளக்காமலிருக்க அங்கே போட்டது. சிலவற்றில் நைந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு வேறு மரத்துண்டு பதித்திருப்பார்கள். அதைப் பார்த்து "அசிங்கமா இருக்கே சார், மறைச்சிடலாமா?" என்கிறார்கள். யாரோ ஒரு தொழிலாளி, புதுக்கட்டைக்குக் காசில்லாத காலத்தில், உட்கார்ந்து இழைத்துச் சேர்த்த வேலை அது. அதை மறைக்க வார்னிஷ் வேறு!

"என்னதான் சொன்னாலும் சென்னை கடற்கரை ஊர், உப்புக்காற்று. வார்னிஷ் போட்டால்தானே மரம் தாங்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. உடையாத வரைக்கும் வார்னிஷ் படலம் ஈரத்தை நன்றாகவே தடுக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் டிரில் துப்பாக்கியை நாள் முழுக்கத் தரையில் 'டொக்'கென்று வைக்கிறார்கள். படலம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? விரிசல் விட்ட இடத்தில் ஈரம் புகுந்தால் உள்ளேயே கிடக்கும். ராணுவம் ஆளிவிதை எண்ணெயை (பெயிண்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள்) ஊற வைத்ததற்குக் காரணம், தேய்ந்த இடத்தில் மறுபடி ரெண்டு சொட்டு விட்டுக் கையால் தேய்த்தால் போதும் என்பதுதான்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அழுக்கையும் பழைய கிரீஸையும் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். நசுங்கிய பள்ளத்தின் மேல் ஈரத்துணி போட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு கணம் வைத்தால், ஆவி ஏறி மரநார் தானே எழும்பும். முத்திரை இருக்கிற பக்கம் மட்டும் இஸ்திரிப் பெட்டி போகக்கூடாது, அதுவும் எழும்பிவிடும்! அப்புறம் எண்ணெய், மெல்லிசாக, நாலைந்து முறை. (எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே தீப்பிடிக்கும், விளையாட்டில்லை. விரித்துக் காயப்போடுங்கள்.) இதில் உப்புத்தாளுக்கு எங்கே வேலை?

தேய்ப்பதில் இன்னொரு கூத்து. மரமும் இரும்பும் ஒரே மட்டத்தில் உட்காரும்படி செய்தது அது. மரத்தைத் தேய்த்தால் இரும்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். எத்தனை வார்னிஷ் போட்டாலும் அது மறையாது.

அடையாறு, தி. நகர் வீடுகளில் தாத்தா காலத்து லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் இதற்கு விலக்கில்லை. பூஜையறைக் கதவுக்கு மெலமைன் பாலிஷ் போட வந்த ஆசாரியிடமே "இதையும் ஒரு கை பாருப்பா" என்று நீட்டுகிறார்கள். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி ரிப்பேர் செய்யவே தனி உரிமம் வேண்டும் என்பதாவது தெரியுமா? தி. நகர் நகைக்கடை வாசலில் நிற்கிற செக்யூரிட்டிக்காரரின் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பாருங்கள். பாலிஷ் கிடையாது, பக்குவம் கிடையாது. வருடக்கணக்காக உள்ளங்கை பட்டுப் பட்டே மரம் கருத்து வழவழவென்று ஆகியிருக்கும். எந்தக் கடையிலும் அந்த நிறம் டப்பாவில் கிடைக்காது.

1962 சீனப் போருக்குப் பின் இஷாப்பூரில் செய்த 7.62 துப்பாக்கிகள் ஏராளமாக அமெரிக்காவில் உபரிச் சரக்காக விலைபோயின. அங்கேயும் தேய்த்துப் பளபளவென்று ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம் ஊர்க் கட்டையில் இருக்கிற அரைகுறை முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். நாம்தான் உப்புத்தாள் வாங்கப் பில் போடுகிறோம் :-)

அந்த மயிலாப்பூர்க் கல்லூரியில் அடுத்த டிசம்பருக்குள் வார்னிஷ் வெயிலில் வெடித்து, பிடிக்கிற இடத்திலெல்லாம் தோல் உரிந்த மாதிரி ஆகிவிட்டது. ஜனவரி முதல் வாரம் மறுபடி ஒரு பையனைக் கடைக்கு அனுப்பினார்கள். போன தடவை வாங்கியது ரொம்ப நைஸ், இந்தத் தடவை முரட்டுத்தாளாக வாங்கி வரச் சொல்லி.