சக்கைக்கும் விலை உண்டு, கணக்கு எங்கே?



நம்ம பிள்ளைகள் எழுதுற நோட்டு, காஞ்சிபுரம் பட்டுத்தறி மேலே தொங்குற ஜக்கார்டு அட்டை, கடை ரசீது, எல்லாத்துக்கும் மூலம் கூழ்தான். அந்தக் கூழ் ஆகாயத்திலிருந்து வரவில்லை. நம்ம நிலத்திலிருந்தும் வருது.

கூழ் முக்கியமாக மூணு வகை. ஒண்ணு, சவுக்கு, தைலமரம், மூங்கிலில் எடுக்கும் மரக்கூழ். ரெண்டு, கரும்புச் சக்கை, வைக்கோலில் எடுப்பது. மூணு, பழைய தாளை ஊறவைத்து, மை நீக்கி எடுக்கிற மறுசுழற்சிக் கூழ். "பழைய தாளே குவிஞ்சு கிடக்கு, உங்க சரக்கு எதுக்கு?" என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள்! ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் நார் குட்டையாகி வலு குறையும். சில சுற்றுக்கு மேல் தாங்காது. புது நார் சேர்த்தே ஆகணும்.

ஆலைகள் கொதிகலனில் எரித்துவந்த சக்கையை, மாற்று எரிபொருள் கொடுத்து வாங்கிக் காகிதம் செய்து காட்டியது, 1979-ல் தமிழக அரசு தொடங்கிய புகளூர் காகித ஆலை. சக்கை குப்பை அல்ல, சரக்கு என்பது அன்றைக்கே தெரிஞ்சுபோச்சு.

ஒரு டன் கரும்பு அரைத்தால் சுமார் 300 கிலோ ஈரச் சக்கை. காகிதத்துக்குப் போனாலும், மின்சாரத்துக்கு எரித்தாலும் அது காசு. நமக்கோ சர்க்கரைக் கட்டுமானத்தை வைத்துத்தான் விலை. சர்க்கரையோடு சக்கை, மொலாசஸ் வருமானத்திலும் 70 சதவீதம் விவசாயிக்குச் சேரணும் என்று 2012-லேயே ரங்கராஜன் குழு சொன்னது. தமிழ்நாட்டில் 2018-ல் வருவாய்ப் பங்கீட்டுச் சட்டமும் வந்தது. சட்டம் வந்தால் போதுமா? கணக்கு நம்ம கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

சவுக்கு கதை வேறே. வெட்டின மரம் காயக் காய எடை இறங்கும். லாரி ரெண்டு நாள் காத்துக் கிடந்தால் நஷ்டம் யாருக்கு? மூணு நாலு வருஷம் காத்திருந்து வளர்த்தவனுக்குத்தான்!

ஆகவே கேட்கிறோம்:

1. எந்த ஆலையானாலும் சக்கை எவ்வளவு, என்ன விலைக்குப் போச்சு என்று அறிவிப்புப் பலகையில் எழுது!

2. சவுக்கை வெட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே, விவசாயி கண்முன்னே எடை போடு!

3. நடவின்போதே குறைந்தபட்ச விலையை எழுத்தில் கொடு!

ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள் கூட்டத்துக்கு ஊருக்கு ஒருத்தராவது மனுவோடு வாங்க. கரும்பு ஒப்பந்தம், எடைச்சீட்டு, ரசீது எதையும் தூக்கி எறியாதீங்க. அந்தக் காகிதமும் நம்ம சக்கையில் செஞ்சதா இருக்கலாம். நமக்குச் சாட்சி சொல்லட்டும்!