பேயில்லாத பயம்

பேய்க்கதை படித்த இரவு, தாழ்ப்பாளை இரு முறை பார்த்துவிட்டுப் படுக்கிறவர்கள் நம்மில் அநேகர். ஆனால், அமெரிக்க ஆசிரியர் எட்கார் ஆலன் போ 1843-ம் வருஷம் வெளியிட்ட 'டெல்-டேல் ஹார்ட்' என்னும் சிறுகதையில் பேயே கிடையாது. ஒரு கிழவர், அவருடன் வசிக்கும் ஒருவன். அவனுக்கு அவரிடம் பகையில்லை. அவர் பொன்னிலும் ஆசையில்லை. படலம் படர்ந்த அவருடைய நீலக் கண்தான் அவனை வதைக்கிறது. ஏழு நாள் நடுநிசியில் விளக்கை மறைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறான்; கண் மூடியிருக்கிறது. எட்டாம் இரவு திறந்திருக்கிறது!

தான் பைத்தியமல்ல என்று அவன் நம்மிடம் வெகு நிதானமாக வாதிக்கிறான். அந்த நிதானந்தான் வசியம். கதவோரத்தில் அவன் மூச்சை அடக்கும்போது நாமும் அடக்குகிறோம். கிழவர் விழித்துவிடப் போகிறாரே என்று பதைக்கிறோம். ஐயோ, கொலைகாரனுக்கல்லவா காவல் நிற்கிறோம்! பிறகு, பிணத்தை மறைத்த பலகையின்மேலேயே நாற்காலி போட்டு அமர்ந்து, போலீஸாருடன் பேசுகிறான். அவர்கள் காதில் விழாத இருதயத் துடிப்பு அவன் காதில் மட்டும் ஓங்குகிறது. அலறிக்கொண்டு உண்மையைக் கக்கிவிடுகிறான். அந்தத் துடிப்பு நமக்கும் கேட்கிறதே, அதற்கென்ன சொல்வது?

இதைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. வளர்ந்த பிள்ளைகளிடம் கொடுக்கலாம் என்போம். பகலில்.