அறுபதுக்கு மேல் ஓர் அரிச்சுவடி

பென்ஷன் வாங்கத் தொடங்கிய மனிதர் சாய்வு நாற்காலிக்கே உரியவர் என்று நம்மில் பலர் தீர்மானித்துவிடுகிறார்கள். அவர் கம்ப்யூட்டரில் யந்திர வரைபடம் போடப் பழகப்போவதாகச் சொன்னால், “இந்த வயதில் எதற்கு இந்த வேலை?” என்று வீட்டார் நகைக்கிறார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் ஒருமுறை போய் வந்தால் அந்த நகைப்பு அடங்கிவிடும் என்பது நமது அபிப்பிராயம்.

1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரிலே ஆலை கண்டு, 1955-ல் அசோக் லேலண்டு ஆயிற்று. அதே 1955-ல் தோன்றிய என்பீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளை உருவாக்கியது. இங்கிலாந்தின் மூலக் கம்பெனி 1970-ல் மூடப்பட்ட பிறகும் புல்லட் இங்கே பிறந்துகொண்டுதான் இருந்தது. இத்தகைய ஆலைகளிலும் லேத் பட்டறைகளிலும் உழைத்து ஓய்ந்தவர்கள் அநேகர். துவாரத்துக்கும் அதில் நுழையும் தண்டுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது அவர்களுடைய விரல்களுக்குத் தெரியும். ஆனால் விரல் அறிந்ததை எழுதி வைத்தாலன்றி, அது அவர்களோடு போய்விடும்.

கம்ப்யூட்டர் வரைபடத்துக்கு வேண்டிய ஞானமும் அதுவேதான். அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்டு என்பவர் 1963-ல் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற முறையை வெளியிட்டபோதே, கோடுகளுக்கு நிபந்தனை விதிக்கும் வழியும் அதில் இருந்தது. திரையில் ஒரு வட்டம் வரைந்தால் அதற்கு மூன்று சுதந்திரங்கள் உண்டு. மையம் பக்கவாட்டில் நகரலாம். மேலும் கீழும் நகரலாம். ஆரம் பெருகலாம், சுருங்கலாம். மூன்றுக்கும் அளவு கொடுத்தால் வட்டம் அடங்கி நிற்கும். பின்னர் ஓர் அளவை மாற்றினால் அதைச் சார்ந்த பாகங்களும் தாமே மாறும். எந்த அளவு முக்கியம் என்று அறிந்தவருக்கு இதில் பாதிப் பாடம் முன்பே முடிந்துவிட்டது. பொத்தான்கள் இருக்குமிடம் பழகுவதுதான் பாக்கி!

செலவுக்கு அஞ்சவேண்டியதில்லை. 1982-ல் வந்த ஆட்டோகேட், 2016 முதல் புதியவர்களுக்குச் சந்தா முறையிலேயே கிடைக்கிறது. 2002-ல் தொடங்கிய ‘ஃப்ரீகேட்’ இலவசம், அதன் 1.0 பதிப்பு 2024-ல் வெளிவந்தது. வாடகை வீட்டைவிடச் சொந்தக் குடிசை மேல் என்பது பென்ஷன்காரருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

குக்கர் மூடியின் கைப்பிடியிலிருந்து தொடங்கலாம். வெர்னியரால் அளந்து, வரைந்து, முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக்கில் எடுத்துப் பொருத்திப் பார்க்கலாம். கை பழகிய பின், கடையில் கிடைக்காத பழைய புல்லட் பாகம் ஒன்றையும் அவ்விதமே வரைந்து லேத் பட்டறைக்குக் கொடுக்கலாம். பாகம் தேய்ந்தாலும் வரைபடம் நிற்கும்.

பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: தாத்தா தடுமாறும்போது மௌஸைப் பிடுங்கி நீங்களே செய்து காட்டாதீர்கள். அவர் உங்களுக்குச் சைக்கிள் பழக்கியபோது, தாம் ஏறி ஓட்டிக் காட்டவில்லை. பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.