நோயாளி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்



ஹந்தானையில் எங்கள் சாச்சி ஒருவருக்கு மார்புப் புற்றுநோய். கண்டி ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை கீமோ ஏற்றியாயிற்று. முடி முழுக்கக் கொட்டிவிட்டது. பார்க்க வந்த ஒருவர் ஆறுதலாகத்தான் சொன்னார்: “முடி போனா என்ன, நாங்க ஸ்காஃப் போடுறதானே, யாருக்கு வெளங்கப் போற?”

சாச்சி சிரித்தார். எல்லோரும் போன பிறகு என்னிடம், “மூணாவது ஊசிக்கு நான் போகல்ல மகள்” என்றார்.

ஸ்காஃப் வெளியாருக்கு. வீட்டுக்குள் கண்ணாடி இருக்கிறது. மாப்பிள்ளை இருக்கிறார். உம்மாவின் தலையைப் பார்த்துக் கிட்ட வரப் பயப்படும் எட்டு வயது மகள் இருக்கிறாள். சிலருக்குப் புருவமும் இமைமுடியும்கூட உதிரும். அதை எந்த ஸ்காஃபும் மறைக்காது.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்குகிறது. முடி வேரின் கலங்களும் அப்படிப் பெருகுபவை என்பதால்தான் முடி கொட்டுகிறது. கண்ணூறும் இல்லை, செய்வினையும் இல்லை. எல்லா மருந்துக்கும் கொட்டாது. கொட்டுவதானால் பெரும்பாலும் முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் தொடங்கும். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் அநேகமானோருக்குத் திரும்ப முளைக்கும். இதை அந்த மகளுக்கு விளங்கப்படுத்த எனக்குப் பத்து நிமிஷம்தான் சென்றது. அவள் கேட்டது ஒன்றுதான்: “உம்மாக்கு நோவுமா?”

நோயாளியை நலம் விசாரிப்பது நம் மீதுள்ள கடமை. அதைக் கொஞ்சம் கவனமாகச் செய்வோம். “முடிதானே” என்று சொல்லாதீர்கள். முடி வளர எண்ணெய் கொண்டு போகாதீர்கள். விக் வைக்கலாமா கூடாதா என்பதை அவர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வார், கட்டிலுக்குப் பக்கத்தில் நாம் ஃபத்வா கொடுக்கத் தேவையில்லை. நம்ம ஹந்தானைக் குளிருக்கு, இரவில் போட மெல்லிய பருத்தித் தொப்பி ஒன்று கொண்டு போங்கள். ஊசி ஏற்றும் நாளில் பிள்ளையைப் பாடசாலையில் இருந்து கூட்டி வாருங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. சிகிச்சை பெறும் பிள்ளை தொப்பியோடு வந்தால் சீருடைச் சட்டத்தைத் தூக்காதீர்கள். அந்தப் பிள்ளையும் பெற்றோரும் விரும்பினால், வகுப்புக்கு முன்கூட்டியே விளங்கப்படுத்துங்கள்.

சாச்சி மூன்றாவது ஊசிக்குப் போனார், அல்ஹம்துலில்லாஹ். அன்று காலை தொப்பியைத் தலையில் போட்டுவிட்டது மகள்தான். சாச்சியின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். துஆ செய்யுங்கள்.