தொங்கும் ரயிலுக்குக் கீழே ஓர் ஆறு

ஜெர்மனியில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் வார இறுதிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபிளிக்ஸ்பஸ். சனிக்கிழமை விடியும்போது ஆம்ஸ்டர்டாம் அல்லது ப்ராக். தங்கும் காசை மிச்சம் பண்ண அன்றைக்கு ராத்திரியே அடுத்த பஸ். பையில் புளிசாதம், ஒரு பவர்பேங்க், யாரிடமோ கடன் வாங்கிய ஜெர்கின். ஞாயிறு இரவு அறைக்குத் திரும்புவதற்குள் நாற்பது ஸ்டோரி போயிருக்கும். இன்ஸ்டா பயோவில் ஒரு கொடி கூடியிருக்கும்: பதினொன்று, பன்னிரண்டு. திங்கள் காலை மறுபடி லேப்.

இதைப் பார்த்து ஊரில் பெரியவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "படிக்கப் போனானா, ஊர் சுத்தப் போனானா?" இந்தக் கேள்வியில் எனக்கு உடன்பாடில்லை. தோட்டத்துப் பத்திரத்தை பேங்கில் வைத்துக் கல்விக் கடன் வாங்கிப் போனவன், பார்சல் கிடங்கில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவன், ஒரு நாள் வெயிலில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது. கையிலிருக்கும் ஓர் அட்டை 29 ஷெங்கன் நாடுகளின் கதவைத் திறக்கும் என்றால் திறந்து பார்க்கத்தான் வேண்டும். நான் டோர்ட்முண்டில் இரண்டு வருடம் படித்தேன். நன்றாகவே சுற்றினேன். இன்றைக்கும் போகிற தம்பி தங்கைகளிடம் சுற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

என் வழக்கு வேறு. சுற்றிவிட்டு வந்து சொல்கிறார்களே ஒரு வசனம், அதன் மேல்தான். "அங்கெல்லாம் ஆறு கண்ணாடியாட்டம் ஓடுதுங்க. அவிய ரத்தத்துலயே சுத்தம் இருக்குது. நம்மாளுக நூறு வருசம் ஆனாலும் திருந்த மாட்டாங்க." கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ சென்னிமலையிலோ, நொய்யல் படுகையில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளையின் வாயிலிருந்து இது வரும்போது எனக்கு எரிகிறது. ஏனென்றால் இது பொய். அதுவும், அந்தப் பிள்ளை செல்ஃபி எடுத்த இடத்திலேயே பொய்யென்று எழுதிவைத்திருக்கிற பொய்.

வூப்பர்டாலை எடுத்துக்கொள்வோம். ரூர் பக்கம் படிக்கிற நம்மாட்கள் ஒருவர் விடாமல் போய்வரும் ஊர். 1901இல் ஓடத் தொடங்கிய தொங்கும் ரயில் அங்கே இருக்கிறது. மேலே தண்டவாளம், கீழே தொங்கிக்கொண்டு போகும் பெட்டி, அதற்கும் கீழே வூப்பர் ஆறு. 1950இல் சர்க்கஸ் விளம்பரத்துக்காக டுஃபி என்ற யானைக்குட்டியை அந்த ரயிலில் ஏற்றினார்கள், அது மிரண்டுபோய் ஆற்றில் குதித்துப் பிழைத்தது. யானைக் கதை எல்லோருடைய ரீல்ஸிலும் உண்டு. யானை விழுந்த ஆற்றின் கதை ஒருவருடைய ரீல்ஸிலும் இல்லை.

அந்த ஆறு ஒரு காலத்தில் சிவப்பாக ஓடியது. சாயப்பட்டறைகளால். இப்போது வூப்பர்டாலின் பகுதியாக இருக்கும் பார்மனில் பிறந்த ஒரு பையன் 1839இல் ஹாம்புர்க் பத்திரிகை ஒன்றில் இதை எழுதினான். சொந்த ஊர் ஆறு ஏன் சிவந்திருக்கிறது, அதன் கரையில் நெய்கிறவர்களும் சாயம் தோய்க்கிறவர்களும் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று எழுதியபோது அவனுக்கு வயது 18. பெயர் ஃப்ரெடெரிக் எங்கெல்ஸ். மாஸ்டர்ஸ் படிக்கப் போகிற எந்தப் பிள்ளையையும்விட இளையவன். அதே பார்மனில் 1863இல் ஒரு சாய வியாபாரியும் ஒரு சாயத் தொழிலாளியும் சேர்ந்து தொடங்கிய கம்பெனிதான் பேயர்.

அந்த வரியில் வூப்பரை எடுத்துவிட்டு நொய்யல் என்று போட்டுப் பாருங்கள். ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை.

அடுத்து பாசல். கோடையில் அங்கே போனால் அலுவலகம் முடிந்த ஆட்கள் துணிமணியை மீன் வடிவப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு ரைன் ஆற்றில் மிதந்து வீட்டுக்குப் போவதைப் பார்க்கலாம். வீடியோ எடுக்காமல் யாராலும் இருக்க முடியாது. அதே பாசலை ஒட்டி, 1986 நவம்பர் 1 அன்று சாண்டோஸ் கம்பெனியின் ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. அணைக்கப் பாய்ச்சிய தண்ணீர் பூச்சிமருந்தோடும் சாயத்தோடும் ரைனில் இறங்கியது. ஆறு சிவந்தது. விலாங்கு மீன்கள் லட்சக்கணக்கில் செத்து மிதந்தன. சாண்டோஸும் சாயக் கம்பெனியாகத்தான் பிறந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மக்கள் தெருவுக்கு வந்தார்கள், கரையோர நாடுகள் 1987இல் உட்கார்ந்து செயல்திட்டம் போட்டன, கம்பெனிகளின் கழுத்தில் சட்டம் விழுந்தது. அந்த மீன் பையில் இருப்பது இந்தக் கதை. ரத்தத்தில் ஓடுகிற சுத்தம் எதுவும் அதில் இல்லை.

மூன்றாவது நான் இருந்த ஊர். டோர்ட்முண்டில் பீனிக்ஸ் ஏரி என்று ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் பொழுதோட போய் உட்காரும் இடம். ஏரிக்குப் பக்கத்தில் நாணல் அசைய ஒரு சிற்றாறு ஓடும். அதுதான் எம்ஷர். நூறு வருடத்துக்கு மேல் அது சாக்கடை. உவமைக்குச் சொல்லவில்லை, அதிகாரபூர்வமாகவே சாக்கடை. நிலக்கரி தோண்டித் தோண்டி அங்கே நிலம் அமிழ்ந்துகொண்டே இருந்ததால் பூமிக்கடியில் குழாய் பதித்தால் உடைந்துவிடும். அதனால் ஆற்றையே கான்கிரீட் வாய்க்காலாக்கி, ஊர்க் கழிவையும் ஆலைக் கழிவையும் அதிலேயே விட்டார்கள். சுரங்கங்கள் ஓய்ந்த பிறகு, 1992இல் மீட்கும் வேலையைத் தொடங்கினார்கள். முப்பது வருடம், ஐந்து பில்லியன் யூரோவுக்கு மேல் செலவு, பூமிக்கடியில் 51 கிலோமீட்டர் நீளக் கழிவுநீர்க் குழாய். 2021 முடியும்போதுதான் எம்ஷரில் சாக்கடை கலப்பது நின்றது.

அதே 1992இல் நொய்யலில் நாம் ஒரத்துப்பாளையம் அணையைத் திறந்தோம். பாசனத்துக்குக் கட்டிய அணை திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாக மாறியது. தண்ணி விடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள் தண்ணியைத் திறக்காதீர்கள் என்று மன்றாடிய அணை உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா, தெரியவில்லை. எங்கள் தோட்டம் அந்த அணைக்குக் கீழே. கிணற்றுத் தண்ணி உப்பேறியது. தென்னை காய்ப்பைக் குறைத்தது.

அந்த ஏரிக்கரையிலிருந்து ஒருநாள் எங்கப்பாருக்கு வீடியோ காலில் எம்ஷரைக் காட்டினேன். எண்பது தாண்டிய மனுஷன். அழகா இருக்கு என்று அவர் சொல்லவில்லை. "ஏஞ்சாமி, அந்தத் தண்ணிய மாடு குடிக்குமா?" என்று கேட்டார். சாக்கடையாக இருந்ததைச் சுத்தம் செய்த கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யாரு துட்டுப் போட்டா?" என்றார். பாஸ்போர்ட்டே இல்லாத ஆள் கேட்ட இந்த இரண்டு கேள்விகளும், பன்னிரண்டு கொடி வைத்திருக்கிற எந்த பயோவிலும் இல்லை.

யார் துட்டுப் போட்டார்கள்? 1899இலேயே ஒரு கூட்டுறவு அமைப்பு வந்துவிட்டது. கரையோர ஊராட்சிகள், சுரங்கங்கள், ஆலைகள் எல்லாம் அதில் உறுப்பினர்கள். அழுக்கு விடுகிறவன் சந்தா கட்ட வேண்டும் என்பது விதி. மீட்பு வேலைக்கும் பெரும்பகுதிப் பணம் அப்படித்தான் வந்தது. கூட்டுறவுச் சொசைட்டி என்றால் என்னவென்று கொங்கு நாட்டுக்காரனுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பால் சொசைட்டியும் நெசவாளர் சொசைட்டியும் பார்த்து வளர்ந்தவன்தானே.

இப்போது அந்த வசனத்துக்குத் திரும்புவோம். சுத்தம் ரத்தத்தில் வருவது என்றால், அழுக்கும் ரத்தத்தில் வருவதாகிவிடும். அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாகக் கழிவைத் திறந்துவிடும் முதலாளிக்குக் குற்றமில்லை. கோயம்புத்தூரின் சாக்கடை நொய்யலில் சேர்வதற்கு மாநகராட்சி பதில் சொல்ல வேண்டியதில்லை. "நம்மாளுக அப்படித்தான்" என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். வார இறுதிப் பயணம் முடித்து வருகிற பிள்ளை, தெரிந்தோ தெரியாமலோ, கழிவு விடுகிறவனுக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது.

இன்னொன்று. ஐரோப்பாவில் எல்லா அழுக்கும் மறைந்துவிடவில்லை, கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது. பீனிக்ஸ் ஏரி இருக்கும் இடத்தில் முன்பு எஃகு ஆலை இருந்தது. அது 2001இல் மூடப்பட்டது. இயந்திரங்களைக் கழற்றிச் சீனாவுக்குக் கப்பலேற்றினார்கள். சாயமும் அப்படி நகர்ந்த தொழில்தான். 1970களின் பிற்பகுதியில் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் பனியன் வாங்கத் திருப்பூர் வந்ததைத்தான் ஏற்றுமதிக் கதையின் தொடக்கமாக இங்கே சொல்வார்கள். வூப்பர்டால் கடைவீதியில் தொங்கும் டீ-சர்ட்டின் காலருக்குள் பாருங்கள். மேட் இன் இந்தியா என்றிருந்தால் அது நம்மூரில் தோய்த்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தத் துணி இங்கே விட்டுச்சென்ற சாயத்துக்கும், அங்கே ஆறு தெளிந்திருப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று நினைப்பவர் விலைச் சீட்டை மட்டும் பார்ப்பவர்.

நம்மாட்கள் திருந்த மாட்டார்கள் என்பதும் பொய்தான். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் வைத்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். சொட்டுக் கழிவும் ஆற்றில் விடக்கூடாது என்ற நிபந்தனை 2006இல் வந்தது. அது மீறப்பட்டபோது, 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது நீதிமன்றம். அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் நிலைக்கு வந்தன. மழை பெய்தால் நொய்யலில் இன்னும் நுரை வருகிறது, வேலை முடியவில்லை. ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோர்ட்டு வாசலில் நின்ற அந்த ஆட்களை, ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் இறங்கியதும் மறந்துவிடுகிறோம்.

"ரெண்டு நாள் டிரிப்புல இதையெல்லாமா படிப்பாங்க?" என்று கேட்பீர்கள். யானை எந்த இடத்தில் குதித்தது என்று தேடிப் போய் நிற்க நேரம் இருந்தவருக்கு ஆற்றைப் பற்றிக் கேட்க ஐந்து நிமிடம் இருக்கும். நமக்கு இது புதிதும் இல்லை. 1930களில் ஐரோப்பா சுற்றிய ஜி.டி. நாயுடு கேமராவோடுதான் போனார். 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தார். ஊர் திரும்பியவர் படத்தை மட்டும் காட்டிக்கொண்டிருக்கவில்லை, மோட்டார் செய்தார், தொழிற்கல்வி தொடங்கினார். ஒரு பம்புசெட்டைக் கண்டால் எத்தனை எச்.பி., எவ்வளவு ஆழத்துக்கு இழுக்கும், மோட்டார் யாருது என்று நிற்க வைத்து விசாரிக்கிற ஊர் இது. ஆற்றைக் கண்டால் மட்டும் ஏன் வாயடைத்துப் போகிறோம்?

ஆகவே சுற்றுங்கள். பாரிஸுக்குப் போங்கள், ப்ராக் போங்கள், ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள். ஒரே ஒரு சனிக்கிழமையை எம்ஷருக்குக் கொடுங்கள். செமஸ்டர் டிக்கெட்டே போதும், தனிக் காசு வேண்டாம். எத்தனை வருடம் ஆனது, யார் எதிர்த்தார்கள், யார் பணம் கட்டினார்கள் என்று கேட்டு, அதைத் தமிழில் எழுதி ஊருக்கு அனுப்புங்கள். முப்பது வருடத்தில் செய்ய முடிகிற வேலை அது என்று ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே இருக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். அணை திறந்து அதற்கு மேலேயே ஆகிவிட்டது.